புதிதாக சிஸ்டர் ஆனவர்களுக்கு: வார்டுத் தாதியர் மனம் விட்டுப்போகாமல் இருக்க என்ன செய்யலாம்

பல வருடம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவரை ஒருநாள் தாதியருக்குத் தலைவியான மேட்ரன் கூப்பிட்டு, "அடுத்த மாதத்திலிருந்து நீங்கள் சிஸ்டர், இந்த வார்டு உங்கள் பொறுப்பு" என்கிறார். பதவி உயர்வுக் கடிதம் வருகிறது, சீருடை மாறுகிறது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மருந்து ஸ்டாக்கை எப்படிப் பார்ப்பது, தணிக்கைக்கு ஃபைல் எப்படி அடுக்குவது என்றெல்லாம் சொல்லித்தர ஆள் உண்டு. இருபது முப்பது தாதியரை எப்படி நடத்துவது என்று சொல்லித்தரத்தான் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை.

அதற்காகவே இதை எழுதுகிறேன். மலேசியாவில், பினாங்கு மருத்துவமனைகளில் வேலை செய்யும் நம் தமிழ்த் தாதியர்தான் என் மனதில் இருக்கிறார்கள். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆள் பற்றாக்குறையை ஒரு வார்டு சிஸ்டரால் தீர்க்க முடியாது. சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் கிளம்புகிறவர்களைக் கையைப் பிடித்து நிறுத்தவும் முடியாது. ஆனால் ஒரே மருத்துவமனையில், ஒரே மாதிரி கூட்டமும் ஒரே அளவு ஆட்களும் உள்ள இரண்டு வார்டுகளில், ஒன்றிலிருந்து மட்டும் இடமாற்ற விண்ணப்பம் குவிவதை இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் பார்த்திருப்போம். அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு சிஸ்டரின் அன்றாட முடிவுகளில் இருக்கிறது: ரோஸ்டர் (யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற அட்டவணை) எப்படிப் போடுகிறார், நேரத்துக்குச் சாப்பிட விடுகிறாரா, தப்பு நடந்தால் முதலில் என்ன கேட்கிறார், மேலிடத்தில் யாருக்காகப் பேசுகிறார். மே 12 தாதியர் தினத்தில் வெட்டுகிற கேக் இவற்றுக்கு ஈடாகாது.

முதல் படி: பணிச்சோர்வை அடையாளம் காணப் பழகுங்கள்

நாம் பர்ன்அவுட் என்று சொல்லும் பணிச்சோர்வும் அசதியும் ஒன்றல்ல. அசதி, இரண்டு நாள் லீவில் நன்றாகத் தூங்கி எழுந்தால் போய்விடும். இது போகாது. அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974-இல் இதைப் பற்றி எழுதினார். கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் 1981-இல் இதை அளக்க ஒரு கேள்வித்தாளே உருவாக்கினார்கள். அதில் 22 கேள்விகள். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் இதை வேலையோடு தொடர்புடைய ஒரு நிலை என்று வரையறுத்தது; நோய் என்று வகைப்படுத்தவில்லை. வேலையிடத்து அழுத்தம் தீராமல் நீண்டுகொண்டே போனால் வருவது என்பதுதான் அந்த வரையறையின் சாரம். அதனால் "அந்தப் பெண்ணுக்கு மன உறுதி போதாது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள ஒரு சிஸ்டருக்கு வழியில்லை. வேலையிடம் என்பது நம் வார்டு.

மூன்று அடையாளங்கள் சொல்கிறார்கள். ஒன்று, உடம்பும் மனதும் வற்றிப்போவது. ஷிஃப்ட் தொடங்கும்போதே முகம் வாடிப்போயிருக்கும். இரண்டாவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது. வார்டில் இது எப்படித் தெரியும்? பதினாலாம் கட்டில் பாட்டி மூன்றாவது முறை மணியடிக்கிறார். போன வருடம் "என்ன பாட்டி, கால் இழுக்குதா?" என்று கேட்டுக்கொண்டே போய்த் தலையணையைச் சரிசெய்த அதே தாதி, இன்று கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஃபோர்ட்டீன் திரும்ப அடிக்குது" என்கிறார். குரலில் கோபம்கூட இல்லை. இந்த இடத்தில்தான் சிஸ்டர் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். மூன்றாவது, "நான் செய்து என்ன ஆகப்போகிறது" என்ற எண்ணம். நன்றாக வேலை தெரிந்தவர்களுக்கும் இது வரும். எனக்குத் தெரிந்து, நன்றாக வேலை தெரிந்தவர்களுக்குத்தான் முதலில் வருகிறது.

இவை தவிர, எம்.சி. (டாக்டர் சான்றிதழோடு எடுக்கும் நோய் லீவு) ஒரே மாதிரி நாளில் விழுகிறதா, முன்பு சிரித்துப் பேசியவர் பேன்ட்ரிக்குத் தனியாகப் போகிறாரா, ரோஸ்டரில் எதுவுமே கேட்காமல் போட்டதை வாங்கிக்கொண்டு போகிறாரா என்றும் பாருங்கள். எதுவும் கேட்காதவரைப் பார்த்து, பிரச்சினை இல்லாத ஆள் என்று பல சிஸ்டர்கள் நிம்மதி அடைகிறார்கள். அவர் மனது ஏற்கெனவே விட்டுப்போயிருக்கலாம்.

இரண்டாம் படி: முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள்

புதிதாக வந்தவுடன் போர்டை மாற்றுவது, டிராலி வைக்கும் இடத்தை மாற்றுவது, புது ஃபாரம் கொண்டுவருவது என்று ஒரு வேகம் எல்லோருக்கும் வரும். பொறுங்கள். முதலில் மூன்று ஷிஃப்ட்டையும் நேரில் பாருங்கள். நம் அரசு வார்டுகள் பலவற்றில் காலை 7 முதல் 2, மாலை 2 முதல் 9, இரவு 9 முதல் காலை 7 என்று நேரம் ஓடுகிறது. காலை ஆறே முக்காலுக்கு ஒருநாள் போய் நில்லுங்கள். இரவு ஷிஃப்ட் முடியப்போகும் முகங்களைப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு ஒருநாள். அதிகாலை மூன்று மணிக்கு ஒருநாள் கண்டிப்பாகப் போங்கள். ஆய்வுக்கு வந்ததுபோல் ஃபைலைப் புரட்ட வேண்டாம். இரண்டு நோயாளிகளைத் திருப்பிப் படுக்கவைக்கக் கை கொடுங்கள், போதும்.

அப்புறம் ஒவ்வொருவரோடும் தனியாகப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். மூன்று கேள்வி போதும். எந்த வேலையால் உங்களுக்கு வீட்டுக்குப் போக நேரமாகிறது? இந்த வார்டில் யாரிடம் ஒரு விஷயம் கேட்கத் தயங்குகிறீர்கள்? ஒரே ஒரு விஷயத்தை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்? பதிலை எழுதிக்கொள்ளுங்கள், பெயரை வெளியே விடாதீர்கள். ஒரு பெயர் வெளியே போனால், அடுத்த பத்து வருடத்துக்கு உங்களிடம் யாரும் உண்மை பேசமாட்டார்கள்.

இதெல்லாம் வெறும் நல்லெண்ணப் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு: அமெரிக்காவில் ஐலீன் லேக் என்ற ஆய்வாளர் 2002-இல் தாதியரின் வேலைச் சூழலை அளக்க 31 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் வெளியிட்டார். அதன் ஐந்து பிரிவுகளில் ஒன்று முழுக்க முழுக்க வார்டு மேலாளரின் திறமை, தலைமை, தாதியருக்கு அவர் தரும் ஆதரவு பற்றியது. உலகம் முழுக்க அந்த அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறார்கள். கனடாவில் கிரேட்டா கம்மிங்ஸ் குழு பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும், ஆட்களோடு உறவு வைத்து நடத்தும் தலைமையின் கீழ் தாதியரின் நிலை மேலாகவும், வேலை முடிந்தால் சரி என்ற தலைமையின் கீழ் மோசமாகவும் இருந்தது.

மூன்றாம் படி: ரோஸ்டர்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு சிஸ்டரின் நியாயம் என்ன என்பதைத் தாதியர் முதலில் படிப்பது ரோஸ்டரில்தான். நீங்கள் கூட்டத்தில் என்ன பேசினாலும், சுவரில் ஒட்டியிருக்கும் அந்தத் தாள் வேறு கதை சொன்னால், தாளைத்தான் நம்புவார்கள்.

முதலில் நேரம். அடுத்த மாத ரோஸ்டரை மாதம் தொடங்க இரண்டு வாரம் முன்னால் ஒட்டுங்கள். 29-ஆம் தேதி ராத்திரி வாட்ஸ்அப்பில் போட்டால், பிள்ளையை யாரிடம் விடுவது, அம்மாவின் டயாலிசிஸுக்கு யார் கூட்டிப்போவது என்று ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு சண்டை நடக்கும். அந்தச் சண்டையின் மிச்சத்தோடுதான் அவர்கள் வேலைக்கு வருவார்கள்.

அடுத்தது, மாலை ஷிஃப்ட்டுக்கு மறுநாள் காலை ஷிஃப்ட் போடுவது. நம்மிடம் இது சர்வ சாதாரணம். இரவு 9 மணிக்கு ஷிஃப்ட் முடிகிறது. அடுத்த ஷிஃப்ட்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் பாஸ் ஓவர் கொடுத்துவிட்டுக் கிளம்ப ஒன்பதரை. வீடு நிபோங் திபாலிலோ சுங்கை பட்டாணியிலோ இருந்தால் மோட்டாரில் பாலம் தாண்டிப் போய்ச் சேர பத்தரை, பதினொன்று. குளித்து, சாப்பிட்டு, படுக்க நடுநிசி. மறுநாள் 7 மணிக்கு வார்டில் இருக்க வேண்டுமானால் நாலரைக்கு எழ வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் இரண்டு வேலை நாளுக்கு நடுவில் 11 மணி நேர ஓய்வு என்று சட்டமே இருக்கிறது. நம் மாலை–காலை அடுக்கில் கிடைப்பது 10 மணி நேரம்தான், அதிலும் பயணம் போய்விடுகிறது. முழுக்க ஒழிக்க முடியாவிட்டாலும், ஒருவருக்கு மாதத்தில் எத்தனை தடவை இப்படி விழுகிறது என்று எண்ணுங்கள். கரையைக் கடந்து வருகிறவர்களுக்கு முதலில் குறையுங்கள்.

காலையிலிருந்து மாலை, மாலையிலிருந்து இரவு என்று முன்னோக்கிச் சுற்றுவது உடம்புக்கு எளிது. பின்னோக்கிச் சுற்றினால் தூக்கம் குழம்பும். இரவு வேலை முடிந்து கிடைக்கும் ஸ்லீப்பிங் டே-யை லீவு நாளாகக் கணக்குப் பண்ணாதீர்கள். காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பவருக்கு அது ஓய்வு நாள் அல்ல. இரவு வேலையைத் தேய்த்துக் கழுவும் நாள்.

வேண்டிய லீவையும் ஷிஃப்ட்டையும் எழுதிக் கேட்கும் ரிக்குவெஸ்ட் புத்தகத்துக்கு ஒரே சட்டம் வையுங்கள். ஒவ்வொருவருக்கும் மாதத்துக்கு இத்தனை, முதலில் எழுதியவருக்கு முன்னுரிமை, மறுத்தால் காரணம் அதே பக்கத்தில். சீனியர் என்பதால் காதோடு வந்து சொல்லி வாங்கும் வழக்கத்தை முதல் மாதத்திலேயே நிறுத்துங்கள். அங்கே உங்களுக்கு எதிர்ப்பு வரும், வரட்டும். பல வருடமாக அந்த வசதியை அனுபவித்தவர்களுக்குக் கோபம் வருவது இயல்பு. ஜூனியர்கள் முதன்முறையாகத் தலையை நிமிர்த்துவதையும் நீங்கள் அதே மாதத்தில் பார்ப்பீர்கள்.

பண்டிகைகள் தனிக் கணக்கு. நோன்புப் பெருநாளுக்கு நம் பிள்ளைகளும் சீனத் தாதியரும் வேலை பார்ப்பதும், தீபாவளிக்கு மலாய்த் தாதியர் நம் இடத்தை எடுத்துக்கொள்வதும் மலேசிய வார்டுகளின் அழகான பழக்கம். எழுதிவைக்காததால்தான் அது கசந்துபோகிறது. ஒரு நோட்டில் மூன்று வருடக் கணக்கு வையுங்கள்: நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி, கிறிஸ்துமஸ், தைப்பூசம் ஒவ்வொன்றிலும் யார் வேலை, யார் லீவு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நேர்த்திக்கடன் வைத்திருக்கும் தாதி, "போன வருடமும் நான்தான் வேலை பார்த்தேன், சிஸ்டர்" என்று சொல்லும்போது, நோட்டைத் திறந்து காட்ட உங்களால் முடிய வேண்டும். அவர் சொல்வது சரி என்றால் அந்த இடத்திலேயே மாற்றுங்கள். தமிழ் சிஸ்டர் தமிழ்த் தாதிக்குச் சலுகை காட்டுகிறார் என்ற பேச்சு வராமல் இருக்கவும் அந்த நோட்டுதான் காவல்.

லீவில் இருப்பவரை அழைப்பது இன்னொரு புண். ஆள் குறைந்தால், போனை உடனே எடுக்கிற நல்ல பிள்ளையைத்தான் எல்லோரும் கூப்பிடுவோம். அந்தப் பிள்ளைதான் ஆறு மாதத்தில் உடைந்துபோகும். யாரை எந்த நாளில் கூப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். சுற்று முறையில் கூப்பிடுங்கள். வந்தவருக்குப் பதில் லீவு எந்தத் தேதியில் என்று அன்றைக்கே ரோஸ்டரில் குறியுங்கள். "பிறகு தருகிறேன்" என்று சொன்ன லீவு பெரும்பாலும் வருவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

சட்டத்தையும் தெரிந்துவைத்திருங்கள். தனியார் மருத்துவமனைகளுக்கு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் பொருந்தும். 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேர வரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. அரசு மருத்துவமனைகளில் நடந்தது நேர்மாறு: 42 மணி நேரத்தை 45 ஆக்கும் முடிவு 2024 இறுதியில் வந்தபோது தாதியர் தரப்பிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்பது வெளியில் இருப்பவர்களுக்குச் சின்னதாகத் தெரியும். நின்றே வேலை பார்ப்பவருக்கு அதன் எடை தெரியும்; அந்த எடை தெரிந்த சிஸ்டராக இருங்கள்.

நான்காம் படி: ஷிஃப்ட்டுக்குள் மூச்சு விட இடம்

சாப்பாட்டு நேரத்தை அதிர்ஷ்டத்துக்கு விடாதீர்கள். காலை பாஸ் ஓவர் முடிந்ததும் போர்டில் எழுதுங்கள்: யார் எப்போது போகிறார், அவர் நோயாளிகளை யார் பார்க்கிறார். தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை பார்த்தவருக்கு அரை மணி நேர ஓய்வு என்பது வேலைச் சட்டத்தின் பொது விதி. நிறுத்த முடியாத தொடர் வேலை என்றால் எட்டு மணி நேரத்துக்குள் மொத்தம் 45 நிமிடமாவது சாப்பிட விட வேண்டும். சட்டம் இருந்தும் மைலோவைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றபடி குடித்துவிட்டு ஓடுவதுதான் நடக்கிறது. சிஸ்டர் தானே வந்து, "போய் உட்கார்ந்து சாப்பிட்டுட்டு வாங்க, உங்க நாலு கட்டிலை நான் பார்க்கிறேன்" என்று சொல்வதை அந்த வார்டு மறக்காது. வாரத்தில் ஒருநாளாவது அப்படிச் செய்யுங்கள்.

நோயாளிகளைப் பிரிக்கும்போது தலையை மட்டும் எண்ணாதீர்கள். ஆறு பேர் என்றாலும், அதில் இரண்டு பேர் எழ முடியாதவர்கள், ஒருவர் ரத்தம் ஏறிக்கொண்டிருப்பவர், ஒருவர் கட்டிலிலிருந்து இறங்கி ஓடப்பார்ப்பவர் என்றால் அது வேறு ஆறு. லிண்டா எய்க்கன் குழு பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தாதிக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் அறுவைச் சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியது. தாதியின் பணிச்சோர்வு வாய்ப்பு 23 விழுக்காடு கூடியது. நோயாளியின் உயிரும் தாதியின் மனதும் ஒரே கணக்கில் வருகின்றன என்பதை மேலிடத்தில் பேசும்போது இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சக்கர நாற்காலி தேடுவது, லேப்புக்கு ஓடுவது, பார்மசிக்குப் பத்துத் தடவை போன் போடுவது, இவற்றையும் ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். எது அட்டெண்டன்ட் வேலை, எதை ஒரே நேரத்தில் சேர்த்து அனுப்பலாம் என்று பார்த்தாலே பாதி ஓட்டம் குறையும்.

ஐந்தாம் படி: தப்பு நடந்த நிமிடம்

ஒரு வார்டின் மனநிலை ஒரே நிமிடத்தில் தீர்மானமாகும் சந்தர்ப்பம் இது.

காலை ஆறு மணி ஆன்டிபயாடிக். இரவு ஷிஃப்ட் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட மறந்த டோஸை, வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆன ஒரு தாதி திரும்பக் கொடுத்துவிடுகிறார். தெரிந்ததும் முகம் வெளுத்துப்போய் உங்களிடம் வருகிறார். நீங்கள் வாய் திறந்து சொல்லும் முதல் வார்த்தை "யார் செய்தது?" என்றால், வார்டு முழுக்கக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோரும் அன்றைக்கே ஒரு பாடம் படிப்பார்கள்: அடுத்த முறை சொல்லக்கூடாது. மாறாக, "பேஷன்ட் எப்படி இருக்கார்? வா, போய்ப் பார்ப்போம்" என்று எழுந்து நடங்கள். நோயாளியைப் பார்த்து, டாக்டரிடம் சொல்லி, குடும்பத்துக்கும் தெரிவித்த பிறகு, கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேளுங்கள். இன்சிடென்ட் ரிப்போர்ட்டை அவரோடு சேர்ந்து எழுதுங்கள். கையெழுத்து ஏன் விடுபட்டது என்று இரவு ஷிஃப்ட்டிடம் தனியாகக் கேளுங்கள். அந்த இரவு முப்பது கட்டிலுக்கு எத்தனை பேர் இருந்தார்கள் என்பதும் அந்த ரிப்போர்ட்டில் வர வேண்டும்.

ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் 1996-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மருந்துத் தவறுகள் நல்ல குழுக்களில் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் பார்த்தபோது, நல்ல தலைமை உள்ள வார்டுகளில் பதிவான தவறுகள் அதிகமாக இருந்தன. காரணம், அங்கே பயமில்லாமல் சொன்னார்கள். மற்ற இடங்களில் மறைந்தே போயின. உங்கள் வார்டில் ஆறு மாதமாக ஒரு ரிப்போர்ட்கூட இல்லை என்றால் பெருமைப்பட வேண்டாம், கவலைப்படுங்கள்.

பணிச்சோர்வுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தப்பைச் சொல்ல முடியாத தாதி அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். இரவு தூக்கத்தில் "கையெழுத்துப் போட்டேனா" என்று திடுக்கிட்டு விழிப்பது அப்படி வருவதுதான்.

நோயாளி முன்னால், உறவினர் முன்னால், பயிற்சி டாக்டரான ஹவுஸ்மேன் முன்னால் ஒரு தாதியைத் திட்டாதீர்கள். டாக்டரோ உறவினரோ அவரைத் திட்டினால், இடையில் போய் நில்லுங்கள். "நான் இந்த வார்டின் சிஸ்டர், என்னிடம் பேசுங்கள்" என்ற ஒரே வாக்கியம் போதும். யார் பக்கம் நியாயம் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: புதிதாக வந்த பிள்ளைகள்

கல்லூரி முடித்து வருகிற பிள்ளைகளுக்கு முதல் ஒரு வருடம் கழுத்தை நெரிக்கும் வருடம். அவர்களை ஒரே ஒரு சீனியரோடு இணையுங்கள், இருவரும் ஒரே ஷிஃப்ட்டில் விழும்படி ரோஸ்டர் போடுங்கள். கற்றுத்தரும் அந்தச் சீனியருக்குக் கட்டில் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறையுங்கள்; குறைக்காமல் பொறுப்பை மட்டும் கொடுத்தால் இரண்டு பேரும் சோர்வார்கள்.

"நாங்கல்லாம் அந்தக் காலத்தில எவ்வளவு வாங்கினோம் தெரியுமா" என்று ஜூனியரை விரட்டும் பழக்கம் நம் வார்டுகளில் இன்னும் இருக்கிறது. கனடாவில் ஹீதர் லாஷிங்கர் குழு புதிய தாதியரிடம் செய்த ஆய்வில், நேர்மையான, வெளிப்படையான மேலாளர் இருக்கும் இடத்தில் இந்த விரட்டல் குறைவாகவும், அதனால் மனச்சோர்வும் குறைவாகவும் இருந்தது. அதாவது சிஸ்டர் பார்க்கிறார் என்று தெரிந்தால் விரட்டுகிறவர் அடங்குகிறார். பார்த்தும் பாராமல் இருந்தால் அது அனுமதி ஆகிவிடும். விரட்டுகிறவரைத் தனியாகக் கூப்பிட்டு, எந்த நாள், என்ன சொல், யார் முன்னால் என்று குறிப்பாகப் பேசுங்கள். "எல்லோரிடமும் அன்பாக இருங்கள்" என்று கூட்டத்தில் பொதுவாகச் சொன்னால் யாரும் தன்னைச் சொல்வதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

ஏழாம் படி: மேட்ரனிடம் எண்ணோடு போங்கள்

"ஆள் போதவில்லை, மேட்ரன்" என்பதை அவர் தினமும் எல்லா வார்டிலிருந்தும் கேட்கிறார். மூன்று மாதம் ஒரே தாளில் இவற்றை மட்டும் குறியுங்கள்: லீவிலிருந்து எத்தனை பேரை அழைத்தீர்கள், எத்தனை ஷிஃப்ட் நேரம் கடந்து முடிந்தது, எத்தனை எம்.சி., எத்தனை இடமாற்ற விண்ணப்பம், எத்தனை நோயாளி கீழே விழுந்தார்கள். அந்தத் தாளை வைத்து ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள். இரவு ஷிஃப்ட்டுக்கு ஓர் ஆள், அல்லது காலையில் ஓர் அட்டெண்டன்ட். பத்துக் கோரிக்கை வைத்தால் பத்தும் தள்ளிப்போகும்.

கிடைத்ததோ இல்லையோ, திரும்பி வந்து வார்டில் சொல்லுங்கள். "கேட்டேன், இந்த மாதம் முடியாது என்றார்கள், அடுத்த காலாண்டில் திரும்பக் கேட்பேன்" என்று சொன்னாலே, தங்களுக்காக ஒருவர் போய்க் கேட்டார் என்பது தாதியருக்குத் தெரியும்.

எட்டாம் படி: ஒருவர் ஏற்கெனவே அந்த நிலையில் இருந்தால்

தனியாகக் கூப்பிடுங்கள், அலுவலக மேசைக்குப் பின்னால் உட்காராமல் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். "நீங்க முன்ன மாதிரி இல்லை, எனக்குக் கவலையா இருக்கு. வேலையிலா, வீட்டிலா?" என்று கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். அழுதால் அழ விடுங்கள். "கோயிலுக்குப் போய்ட்டு வா, சரியாயிடும்" என்று உடனே முடித்துவைக்காதீர்கள். அவர் கோயிலுக்குப் போகிறவர்தான். இரவு வேலையைக் குறைப்பதுதான் உங்கள் கையில் இருப்பது.

அடுத்த ரோஸ்டரிலேயே கண்ணுக்குத் தெரிகிற ஒரு மாற்றம் செய்யுங்கள்: இரண்டு வாரம் இரவு வேலை இல்லை, அல்லது தொடர்ந்து மூன்று நாள் லீவு. தனியார் துறையில் இருப்பவர், நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம்; முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும் என்று வேலைச் சட்டம் சொல்கிறது. சின்னப் பிள்ளை உள்ள தாய்மார் பலருக்கு இந்த விதி இருப்பதே தெரியாது, நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.

தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று வாரக்கணக்கில் போனால் அது சிஸ்டர் கையாளும் விஷயம் அல்ல, டாக்டரிடம் போக வேண்டும். கூடவே போங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. உயிரை விட்டுவிடலாம் போல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், விளையாட்டாகச் சொன்னதுபோல் இருந்தாலும், அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அவசரப் பிரிவு கீழே இருக்கிறது, கூட்டிப்போங்கள். மனம் தளர்ந்தவர்களோடு பேசும் பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பின் எண் 03-7627 2929, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். இந்த இரண்டு எண்ணையும் பேன்ட்ரியில் கெட்டிலுக்கு மேலே ஒட்டிவிடுங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், எல்லோர் கண் முன்னாலும் நின்று குறித்துக்கொள்ள வெட்கப்படுவார்கள்.

அவர் சொன்னது உங்களோடு இருக்கட்டும். பக்கத்து வார்டு சிஸ்டரிடம்கூடப் பெயர் சொல்லாதீர்கள்.

கடைசியாக உங்களுக்கு

சிஸ்டரும் சோர்ந்துபோகிறவர்தான். மேலே மேட்ரன், கீழே வார்டு, நடுவில் நீங்கள். வேறு வார்டுகளில் இருக்கும் இரண்டு சிஸ்டர்களோடு மாதம் ஒருமுறை மருத்துவமனைக்கு வெளியே சாப்பிடப் போங்கள். வார்டுக்குள் சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம். உங்கள் லீவைக் கடைசிக் காலாண்டுக்குத் தள்ளாதீர்கள். சிஸ்டரே லீவு எடுக்காத வார்டில் தாதியர் லீவு கேட்கக் கூசுவார்கள்.

லீவு நாளில் வார்டு போனை யார் எடுப்பது என்று இப்போதே ஒரு பெயரை எழுதுங்கள். ஆள் குறைந்தால் ரோஸ்டரை மாற்றும் அதிகாரத்தையும் அவருக்கே கொடுத்து, அதை மேட்ரனுக்கும் தெரிவித்துவிடுங்கள். பொறுப்பை மட்டும் கொடுத்துவிட்டு அதிகாரத்தை வைத்துக்கொண்டால், அவர் ஒவ்வொரு முறையும் உங்களைத்தான் கூப்பிடுவார்.